பழுப்பு உறை

எனக்குக் கிடைத்தது இரண்டாம் அலுவலர் வேலை,
விரலில் மை வைப்பது.
வைகைக்கு வடகரையில், செல்லூர் மாநகராட்சிப் பள்ளி,
மூன்றாம் வகுப்பு அறை.
பலகையில் யாரும் அழிக்காத பன்னிரண்டாம் வாய்ப்பாடு.
மைக்குப்பி சாயாதிருக்க
மணல் நிரப்பிய டம்ளரில் நட்டு வைத்தேன்.
மதியத்துக்குள் முந்நூறு விரல் இருக்கும்:
சாயப்பட்டறை நீலம், மசாலா மஞ்சள்,
தறி கடித்த தழும்பு, பாதி உரிந்த நெயில் பாலிஷ்.
முகம் எதையும் நான் பார்க்கவில்லை.
விரலைப் பிடித்தேன், கோடு இழுத்தேன்,
அடுத்தது.

அவர் வந்தபோது வரிசை குறைந்திருந்தது.
கூட்டுறவு வங்கி ராபின்
பட்டியலில் ஸ்கேலை இறக்கினார்.
"வீரணன். தகப்பனார் பிச்சை.
பேரு இருக்குண்ணே,
ஆனா மேல நீக்கம்னு அடிச்சிருக்கு."

"ஒன்பது வருஷம் புது ஜெயில் ரோட்டுல இருந்தேன் சார்.
வீட்டுக்கு வந்து கேட்டிருப்பாங்க.
ஆளு இல்லைன்னு சொல்லியிருப்பாங்க.
இல்லதான."

பூத் ஏஜென்ட் என் பக்கம் குனிந்தார்:
"கொலைக் கேஸு, டீச்சர்."
எடுத்த மைக்குச்சியை
மறுபடி குப்பிக்குள் விட்டேன்.
அதற்கு அவசியமே இல்லை.
கை தானாகச் செய்தது.

மடித்து மடித்துத் துணியாகிப்போன ஒரு தாளை
அவர் மேஜையில் விரித்தார்.
விடுதலைச் சான்று.
சுவரில் ஒட்டியிருந்த ஆவணப் பட்டியலில்
பான் கார்டு இருந்தது, பாஸ்போர்ட் இருந்தது,
அது இல்லை.

"உள்ள இருக்கறவனுக்கு ஓட்டில்ல, தெரியும்.
எங்க பிளாக்குல ஒரு விசாரணைக் கைதி
உள்ள இருந்துக்கிட்டே கவுன்சிலருக்கு நின்னான்.
வெளிய போஸ்டரெல்லாம் ஒட்டுனாங்க.
அவன் ஓட்டே அவனுக்குக் கெடையாது."
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
"நான் முடிச்சுட்டேன்ல சார்.
பாக்கி எதுவும் வெக்கல."

தலைமை அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார்.
வேளாண்மைத் துறைக் கண்காணிப்பாளர், நல்ல மனிதர்.
படிவம் ஆறு என்றார், தாலுகா ஆபீஸ் என்றார்,
அடுத்த தடவை போடலாம் என்றார்.
"அது எத்தனை வருஷம் சார்?"
"அஞ்சு."
சொன்ன பிறகுதான்
அவருக்கே அது எப்படிக் கேட்டதென்று தெரிந்தது.
தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்கவில்லை.

யாரைக் கொன்றார் என்று நான் கேட்கவில்லை.
அதை நல்ல குணம் என்று சொல்ல மாட்டேன்.
எங்கோ ஒரு வீட்டில்
இதே மாதிரி நீக்கம் என்று அடித்த இன்னொரு பெயர் இருக்கும்,
அதற்குப் படிவம் கிடையாது.
இதையும் நினைத்தேன்.
நினைத்தபடி அவர் கையைப் பார்த்தேன்.
அது என் மேஜையிலிருந்த பழுப்பு உறையை
எடுத்துத் திருப்பிக்கொண்டிருந்தது.

"இது நாங்க ஒட்டுன கவரு.
மூணாவது மடிப்பு உள்ள போகுது பாருங்க,
வெளிய அப்படி மடிக்க மாட்டாங்க."
இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார்,
ஓரம் மேஜை விளிம்போடு சேரும்படி.
தாளை மடித்துக்கொண்டு போனார்.

ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினோம்.
வாக்குகள் எழுநூற்று எண்பத்தாறு.
கணக்குத் தாளில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு,
வந்து திரும்பியவருக்கு இல்லை.
மெழுகுவர்த்தியில் அரக்கு இளகும்வரை
உறையின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன்.
காய்ந்த பசையில் ஒரு பெருவிரல்,
ரேகை ரேகையாகத் தெளிவாக.
அவருடையதாக இருக்க வேண்டியதில்லை.
அந்தப் பிரிவில் எத்தனையோ பேர் ஒட்டுவார்கள்.

மூடினேன். அரக்கு விழுந்தது.
முத்திரையை அழுத்திப் பிடித்தேன்.
லாரியில் ஏற்றி
இரட்டைப் பூட்டும் துப்பாக்கிக் காவலும் போட்ட அறைக்கு
கொண்டுபோனார்கள்.

வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்தும்
என் விரல்களில் மை போகவில்லை.
நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது.
என் ஓட்டு
போன வாரமே தபாலில் போய்விட்டது.